பாடமாக்கினாலும் வரலாறு ஏன் நிக்குதில்லை?

பிள்ளை, உம்மட கேள்வியை ரெண்டுதரம் வாசிச்சன். மல்லாவிப் பக்கம் இருந்து 11ஆம் ஆண்டு படிக்கிறீர், கணிதம் விஞ்ஞானம் எல்லாம் 70க்கு மேல வருது, வரலாறு மட்டும் போன தவணை 38, விடியக்காலமை எழும்பிப் பாடமாக்கிறீர், பேப்பரைக் கண்ட உடன டொனமூர், சோல்பரி எண்ட அரசியல் சீர்திருத்தம் ரெண்டும் ஒண்டுக்குள்ள ஒண்டு கலந்துபோகுது, ஓஎல் (சாதாரண தரச்) சோதினைக்கு இன்னும் நாலு மாசம் கிடக்கு, ஏ எடுக்க ஏலுமோ. இதுதானே கேட்டனீர். நான் கிளிநொச்சி முல்லைத்தீவுப் பள்ளிக்கூடங்களில 26 வருசம் வரலாறு படிப்பிச்சனான், கொஞ்சக் காலம் பேப்பரும் திருத்தினனான், இப்ப பென்சன் எடுத்து ஆட்டுக்குக் குழை ஒடிச்சுக்கொண்டு இருக்கிறன், அதால நேரம் கிடக்கு, நீளமா எழுதுறன். ஒரே மூச்சில வாசிக்கத் தேவையில்லை.

முதல்ல ஒண்டு சொல்லிப்போடுறன், உம்மட ஞாபகசக்தியில ஒரு குறையும் இல்லை. கணிதத்தில ஒரு வரிக்குப் பிறகு அடுத்த வரி ஏன் வருதெண்டு உமக்குத் தெரியும், இடையில ஒண்டு மறந்தாலும் மேல இருக்கிறதைப் பார்த்து எடுத்துப்போடுவீர். வரலாறை மட்டும் கடைக்காரன்ர கடன் கொப்பி மாதிரிப் பாடமாக்கிறீர், ஆர், எவ்வளவு, எந்தத் திகதி எண்டு. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஒரு சொந்தமும் இல்லை. அப்பிடி ஏத்தினது ஒரு கிழமை நிக்கும், மண்டபத்தில பயம் வர முதல்ல கழருறதும் அதுதான். ரெண்டு வரிக்கு நடுவில 'அதால' எண்ட சொல்லு இருக்கவேணும். அது இல்லாத தகவல் தலையில நிக்கவும் மாட்டுது, பேப்பரில பெரிசா மாக்ஸ் தரவும் மாட்டுது. இதைத்தான் நான் இந்த முழுப் பதிலிலயும் சுத்திச் சுத்திச் சொல்லப்போறன்.

திருத்தேக்க நான் திரும்பத் திரும்பக் கண்டது இது. கேள்வி, 1815ல கண்டி இராச்சியம் பிரித்தானியரிட்டப் போனதுக்குக் காரணம் ரெண்டு தந்து விளக்கு எண்டு இருக்கும். பிள்ளை ஒண்டரைப் பக்கம் எழுதியிருக்கும், கண்டிப் பிரதானி எகலப்பொலையின்ர பிள்ளையளுக்கு நடந்த கொடுமையை அழுகை வாற மாதிரி எழுதியிருக்கும், எழுத்தும் முத்து முத்தா இருக்கும், ஆனா காரணம் எண்டு தேடினா ஒண்டுதான் ஆப்பிடும், அதுவும் கதைக்குள்ள ஒளிச்சுக் கிடக்கும். திருத்துற ஆக்களிட்ட ஒரு புள்ளித்திட்டம் இருக்கும், அதில உள்ள விசயத்தைத்தான் தேடுவினம். நீர் எத்தினை பக்கம் எழுதினீர் எண்டது அவைக்குத் தேவையில்லை. நானும் படிக்கிற காலத்தில இதே கூத்து ஆடினனான், சோல்பரி கேட்டதுக்கு டொனமூர் ரெண்டு பக்கம் எழுதிப்போட்டு வெளிய வந்து சிரிச்சுக்கொண்டு நிண்டனான், அப்ப உம்மட பயம் எனக்குத் தெரியாததில்லை.

சரி, கண்டியிலயே தொடங்குவம், ஏனெண்டா அது உமக்குப் பக்கத்தில கிடக்கு. எப்பிடி? ஒட்டுசுட்டானுக்குக் கிட்டக் கற்சிலைமடுவில வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன்ர நினைவுக்கல்லு இருக்கெல்லோ, போயிருப்பீர், இல்லாட்டி பஸ்ஸில போகேக்க ஆரும் காட்டியிருப்பினம். பிரித்தானியப் படையின்ர கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடிச்ச நாளெண்டு அதில இருக்கிறது 1803 ஒக்ரோபர் 31. அதுக்கு ரெண்டு மாசம் முன்னம், ஓகஸ்ட் 25, பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்சவர். இப்ப அந்த 1803ஐ வைச்சுக்கொண்டு கண்டியைப் பாரும். அதே வருசம் தொடக்கத்திலதான் ஆளுநர் நோர்த்தின்ர படை கண்டிக்குள்ள போய் முத்துச்சாமி எண்டவரைச் சிம்மாசனத்தில இருத்தினது. சனம் அவரை அரசன் எண்டு ஏற்கேல்லை, மழை, காய்ச்சல், சாப்பாடு வந்து சேர ரோட்டு இல்லை, காட்டுக்குள்ள மறைஞ்சு நிண்டு அடிக்கிறாங்கள். ஜூன் மாசம் மேஜர் டேவியோட நிண்ட படை சரணடைஞ்சு அழிஞ்சுபோச்சு. அந்தச் சூட்டோடதான் கண்டிப்படை கரையோரக் காவலரண்களுக்கு அடிக்கத் தொடங்கினது, வன்னியிலயும் எழுச்சி வந்தது அந்த மாசங்களிலதான். அப்ப வன்னிக் கதையும் கண்டிக் கதையும் வேற வேற இல்லை, ஒரே வருசத்தின்ர ரெண்டு பக்கம்.

இனி உம்மையே நீர் கேக்கவேண்டிய கேள்வி, 1803ல தோத்த வெள்ளைக்காரன் 1815ல எப்பிடி வெண்டான்? பன்ரெண்டு வருசத்தில அவன்ர துவக்குப் பெரிசா மாறேல்லை, மாறினது கண்டிக்கு உள்ளுக்க. அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கும் பிரதானிகளுக்கும் பகை முத்திப்போச்சு, 1814ல எகலப்பொல வெள்ளைக்காரன் பக்கம் ஓடிப்போனவர், ஜோன் டொயிலி எண்ட பிரித்தானிய அதிகாரி உள் தகவல் எல்லாத்தையும் வருசக்கணக்கா சேர்த்துக்கொண்டிருந்தவர், ஆளுநர் பிறவுன்றிக் ஆயத்தமா நிண்டவர். அதால பெரிய சண்டையே இல்லாமல் கண்டி போச்சு, 1815 மார்ச் 2 ஒப்பந்தம். ஒப்பந்தத்தில பிரதானிகளின்ர உரிமை, புத்தசமயப் பாதுகாப்பு எல்லாம் எழுதினவங்கள், ஆனா பிரதானிகளுக்கு இருந்த மதிப்புக் குறைஞ்சுபோச்சு, அதால 1818 ஊவா வெல்லஸ்ஸக் கலகம். கலகத்தை அடக்கப் பட்ட பாட்டில ரோட்டு இல்லாமல் மலைநாட்டை வைச்சிருக்க ஏலாதெண்டு விளங்கிச்சு, அதால பார்ன்ஸ் ஆளுநர் காலத்தில கொழும்பு கண்டி ரோட்டு. ரோட்டு வந்ததால கோப்பித் தோட்டம். பாரும், ஒரு கல்லில தொடங்கி கோப்பிக்கு வந்திட்டம், ஒரு இடத்திலயும் நான் உம்மைப் பாடமாக்கச் சொல்லேல்லை.

இதைப் பேப்பரில எழுதேக்க ஒரு காரணத்துக்கு மூண்டு வசனம் போதும். என்ன காரணம், அதுக்கு ஒரு ஆதாரம், அதால என்ன நடந்தது. உதாரணமா, "மன்னனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே பகைமை வளர்ந்தது. 1814இல் எகலப்பொல பிரித்தானியரிடம் அடைக்கலம் புகுந்தான். இதனால் பிரித்தானியருக்கு உள்நாட்டு ஆதரவும் தகவல்களும் கிடைத்தன." அவ்வளவுதான். அடுத்த காரணத்துக்கு ஒரு வரி விட்டுப் புதுப்பந்தி தொடங்கும், திருத்துறவையின்ர கண்ணுக்கு ரெண்டு காரணம் ரெண்டாத் தெரியவேணும். (நான் இஞ்ச கதைக்கிற மாதிரி எழுதுறன் எண்டு நீர் பேப்பரில 'அடிக்கிறாங்கள்', 'வெண்டவன்' எண்டு எழுதிப்போடாதேயும், அங்க எழுத்துத் தமிழ்தான்.) கேள்வி 'பெயரிடுக' எண்டா பேர் மட்டும், 'குறிப்பிடுக' எண்டா ஒரு வசனம், 'விளக்குக' எண்டாத்தான் இந்த மூண்டு வசனம். பக்கத்தில போட்டிருக்கிற புள்ளியைப் பாரும், 2 புள்ளிக்குக் கேட்டதுக்கு அரைப் பக்கம் எழுதினா மிச்சம் எழுதினதுக்கு ஒருத்தரும் சம்பளம் தரமாட்டினம்.

அடுத்தது குளம். 10ஆம் ஆண்டுப் புத்தகத்தில பழைய தொழினுட்பம் எண்டு வாற பாடத்தைப் பிள்ளையள் கொழும்பில இருந்து பாடமாக்கினா அது பாவம், உமக்கு அது பாவமே இல்லை, நீர் வவுனிக்குளத்துக்குப் பக்கத்தில இருக்கிறீர். எல்லாளன் காலத்துக் குளம் எண்டு சொல்லுறவை, பாலியாற்றை மறிச்சுக் கட்டினது, பிறகு காடாக் கிடந்து 1950களில திருத்தினது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தையும் கொண்டு குளக்கட்டில போய் நில்லும். கட்டின்ர உள்பக்கம் அலை அரிக்காமல் கல்லு அடுக்கியிருக்கும், அதைத்தான் புத்தகம் ரலபனாவ எண்டு சொல்லுது. நாங்கள் வான் எண்டுறதைப் புத்தகம் கலிங்கு எண்டு சொல்லும், தண்ணி நிரம்பினா கட்டை உடைக்காமல் வழிஞ்சு போற இடம். நாங்கள் துருசு எண்டுறதுதான் மதகு. இனி பிசோக்கொட்டுவ எண்டு ஒண்டு வரும், எல்லாரும் எழுத்துப்பிழையோட எழுதுறது அதைத்தான். விசயம் இதுதான், குளம் நிறைஞ்சு நிக்கேக்க அடியில துளை திறந்தா தண்ணி என்ன வேகத்தில வருமெண்டு துருசு திறக்கேக்க நீர் பார்த்திருப்பீர், பழைய காலத்தில கொங்கிறீட்டும் இல்லை இரும்புக் கதவும் இல்லை, அந்த அமுக்கத்தில கட்டே அரிஞ்சு போகும். அதால கட்டுக்கு உள்ள கல்லால சதுரமா ஒரு கிடங்கு மாதிரிக் கட்டி, தண்ணி அதுக்குள்ள வந்து வேகம் அடங்கி, அளவா வெளிய போறமாதிரி செய்தவை. ஒருக்கா விளங்கினா பேர்தான் பாடமாக்கவேணும், தொழில் தன்பாட்டில வரும். கலாவாவியில இருந்து அனுராதபுரத்துக்குப் போற ஜயகங்கை வாய்க்கால் முதல் 17 மைலுக்கு ஒரு மைலுக்கு 6 அங்குலம்தான் சரிவு எண்டு படிச்சிருப்பீர், அதை வயலுக்குத் தண்ணி கட்டுற உம்மட அப்பாட்டச் சொல்லிப் பாரும், மட்டம் பார்க்கிற மனுசருக்குத்தான் அந்த 6 அங்குலத்தின்ர அருமை தெரியும்.

குளத்தைப் பிடிச்சா அதோட ஒரு பெரிய சங்கிலியே இழுபட்டு வரும். குளம் இருந்தா நெல்லு மிஞ்சும், மிஞ்சினா அரசனுக்கு வரி, வரி வந்தா தாதுகோபமும் படையும். அப்ப அரசாங்கம் பலமா இருந்தாத்தான் குளம் பராமரிக்கலாம், குளம் இருந்தாத்தான் அரசாங்கம் பலம். இதில எந்தப் பக்கம் உடைஞ்சாலும் மற்றதும் போகும். 1215ல கலிங்க மாகன் படையெடுத்து வந்து பொலன்னறுவை நிருவாகம் குலைய, குளங்களைப் பார்க்க ஆக்கள் இல்லை, வாய்க்கால் தூந்துபோச்சு, மலேரியாவும் சேர்ந்துது, சனம் தென்மேற்குப் பக்கம் நகரத் தொடங்கினது. அதுக்குப் பிறகு தலைநகரம் தம்பதெனிய, யாப்பகூவ, குருநாகல், கம்பளை, கோட்டை எண்டு அலைஞ்சு திரியிறதை நீர் அஞ்சு பேரா பாடமாக்கியிருப்பீர். ஒழுங்கை விட்டுப்போட்டு ஏன் போனவை எண்டு பாரும், தம்பதெனியாவும் யாப்பகூவவும் கல்மலையில பாதுகாப்புக்குப் போனது, கோட்டை துறைமுகத்துக்கும் வியாபாரத்துக்கும் கிட்டப் போனது. குளம் உடைஞ்சா ஊர் எழும்பிப்போகும் எண்டது எங்கட ஆக்களுக்குப் புத்தகத்தில படிச்சு விளங்கவேண்டிய விசயம் இல்லை, உம்மட அம்மம்மாட்டக் கேட்டா அவ சொல்லுவா.

உம்மைக் கலக்கிற அரசியல் சீர்திருத்தத்துக்கு வருவம். இதில ஒரு வழிதான் நான் எல்லாருக்கும் சொல்லுறது, ஒவ்வொரு சீர்திருத்தத்தின்ர குறைதான் அடுத்த சீர்திருத்தத்தின்ர காரணம். ஒவ்வொண்டுக்கும் மூண்டே மூண்டு கேள்வி கேளும், சபையில ஆர் கூட, ஆர் வோட்டுப் போடலாம், என்ன குறை நிண்டுது. 1833 கோல்புறூக் கமரன், சட்டநிருபண சபையில 15 பேர், 9 பேர் அரசாங்க உத்தியோகத்தர், 6 பேர் உத்தியோகப்பற்றற்றவர், அந்த 6 பேரும் ஆளுநர் நியமிச்சவை, ஒருத்தருக்கும் வோட்டு இல்லை. குறை என்ன? படிச்ச ஆக்கள் வளர வளர, எங்களுக்கு ஆரைத் தெரிவு செய்யவும் உரிமை இல்லையோ எண்டு கேக்கத் தொடங்கினவை. அதால 1910 குரூ மக்கலம், படிச்ச இலங்கையருக்கு ஒரே ஒரு தொகுதி, 1911 தேர்தலில பொன்னம்பலம் இராமநாதன் வெண்டவர். ஆனா இன்னமும் உத்தியோகத்தர்தான் கூட, 11க்கு 10. அதால 1919ல இலங்கைத் தேசிய காங்கிரஸ், முதல் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம். அதால 1920 மனிங், உத்தியோகப்பற்றற்றவை முதல்முதல் கூடினவை, 37 பேரில 23. 1924ல 49 பேரில 37. இப்ப சபையில எங்கட ஆக்கள் கூட, ஆனா நிருவாகம் முழுக்க ஆளுநர்ர கையில, சத்தம் போடலாம், வரவு செலவை இழுத்தடிக்கலாம், பொறுப்பு ஒண்டும் இல்லை. வீட்டுச் சாவி அப்பாட்ட, சண்டை பிடிக்கிற உரிமை மட்டும் பிள்ளையளுக்கு எண்ட மாதிரி.

அந்தக் குறைக்குத்தான் டொனமூர் வந்தது, 1931. பொறுப்பைக் குடுத்துப் பழக்குவம் எண்டு 7 நிருவாகக் குழு, 61 பேர் கொண்ட அரசாங்க சபை, அதில 50 பேர் தெரிவானவை, 21 வயசு வந்த ஆம்பிளை பொம்பிளை எல்லாருக்கும் வோட்டு. எங்கட பூட்டிமார் முதல்முதல் வோட்டுப் போடக்கூடியதா வந்தது இதிலதான், அதை நினைச்சா 1931 மறக்காது. வடக்கில அந்தத் தேர்தலைப் பகிஸ்கரிச்சவை, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் முழுச் சுயராச்சியம் இல்லாத தேர்தல் வேண்டாமெண்டு நிண்டது. டொனமூரின்ர குறை? குழுக்கள்தான், மந்திரிசபை இல்லை, பிரதமர் இல்லை, மூண்டு முக்கியமான பொறுப்பு வெள்ளைக்கார அரச உத்தியோகத்தரிட்ட, ஆளுநருக்கு மேல் அதிகாரம். அதால 1947 சோல்பரி, இப்ப மந்திரிசபை, பிரதமர், ரெண்டு சபை, பிரதிநிதிகள் சபையில 101, செனற்றில 30, சிறுபான்மைக்குப் பாதுகாப்பெண்டு 29ஆம் பிரிவு. இனி டொனமூருக்கும் சோல்பரிக்கும் கலக்குமோ? குழு எண்டா டொனமூர், மந்திரிசபை எண்டா சோல்பரி. ஒரு சபை எண்டா டொனமூர், ரெண்டு சபை எண்டா சோல்பரி. இதை ஒரு பழைய கலண்டர்த் தாளின்ர பின்பக்கம் இடமிருந்து வலமா எழுதி 'அதால' அம்புக்குறி போட்டு, பல்லுத் தீட்டுற இடத்துச் சுவரில ஒட்டும்.

கைத்தொழில் புரட்சியும் இதே மாதிரித்தான். கண்டுபிடிப்பாளர், கருவி, வருசம் எண்டு அட்டவணையாப் பாடமாக்கிறதாலதான் ஹார்கிறீவ்ஸையும் ஆர்க்ரைட்டையும் மாத்தி எழுதுறது. 1733ல ஜோன் கே பறக்கும் நாடாவைக் கண்டுபிடிச்சான், அதால நெசவு கெதியாப் போச்சு, அதால நூல் காணேல்லை. நூல் காணாததாலதான் நூல் நூற்கிற மெசினுகள் வந்தது, 1764ல ஹார்கிறீவ்ஸின்ர ஜெனி, பிறகு ஆர்க்ரைட்டின்ர தண்ணிச் சட்டகம், பிறகு குறொம்டன்ர மியூல். இப்ப நூல் மிஞ்சிப்போச்சு, நெய்ய ஆள் காணேல்லை, அதால 1785ல கார்ட்ரைட்டின்ர விசைத்தறி. வெட்டுற மெசின் வந்தாப் பிறகு நெல்லுக் காயவிடத் தளம் காணாமல் ரோட்டில பரவுறவை எல்லோ, அதே கதைதான், ஒரு வேலை கெதியானா அடுத்த வேலை சிக்கும்.

அமெரிக்க, பிரெஞ்சு, ரஷ்யப் புரட்சிகளுக்கு நான் கனக்கச் சொல்லப்போறதில்லை, மூண்டுக்கும் ஒரே கேள்விதான், வரி ஆர் கட்டினது, அதிகாரம் ஆரிட்ட இருந்தது. அமெரிக்கனுக்குப் பாராளுமன்றத்தில ஆள் இல்லாமல் வரி, பிரான்சில முதல் ரெண்டு வகுப்புக்கும் சலுகை, மூண்டாம் வகுப்பு முழுப் பாரமும் சுமந்தது, ரஷ்யாவில அதுக்கு மேல முதலாம் உலகப்போரும் பட்டினியும். இதை வைச்சுக்கொண்டு மிச்சத்தைப் புத்தகத்தில நிரப்பும். உலகப்போருக்கு ஒரு சின்ன உபாயம், 1914 ஜூன் 28 சரயேவோவில ஒஸ்திரிய இளவரசனைச் சுட்டது, 1919 ஜூன் 28 வேர்சாய் ஒப்பந்தம், ஒரே திகதி. அந்த ஒப்பந்தம் ஜேர்மனிக்குச் செய்த அவமானம் ரெண்டாவது போருக்கு ஒரு காரணம். 1942 ஏப்ரல் 5 கொழும்பிலயும் 9 திருகோணமலையிலயும் ஜப்பான்காரன் குண்டு போட்டதையும் மறக்காமல் வைச்சுக்கொள்ளும்.

இப்ப தேசப்படத்தில இடம் குறிக்கிறது. ரெண்டாம் பேப்பரில முதலாவது கேள்வி கட்டாயம், படம் அதிலதான் வருது, இதை விடுற பிள்ளையளை நினைச்சா எனக்கு இப்பவும் கோவம் வரும், ஏனெண்டா வசனம் எழுதத் தேவையில்லை, விளக்கத் தேவையில்லை, சும்மா கிடக்கிற புள்ளி. நாளைக்கு ஒரு வெறும் இலங்கைப் படம், ஒரு வெறும் உலகப் படம், 5 நிமிசம். மன்னாரில இருந்து தொடங்கும், மாந்தை உமக்குத் தெரியும், அது பழைய காலத்துப் பெரிய துறைமுகம், அதில இருந்து அருவியாற்றைப் பிடிச்சு மேல போனா அனுராதபுரம், ஏனெண்டா மல்வத்து ஓயா எண்டு புத்தகத்தில இருக்கிறதும் எங்கட அருவியாறும் ஒண்டுதான். இப்பிடி ஆற்றை வைச்சுக் குறிச்சுப் பழகினா இடம் பிசகாது. உலகப் படத்தில கொன்ஸ்தாந்திநோபிள், வெனிஸ், புளோரன்ஸ், கள்ளிக்கோட்டை, நன்னம்பிக்கை முனை, ஹிரோசிமா, பேர்ள் துறைமுகம் எண்டு பாடத்தில வாற இடம் ஒவ்வொண்டையும் அந்தந்தப் பாடம் படிக்கிற அண்டைக்கே குறியும். புள்ளி போட்டுப் பேரை அதுக்குப் பக்கத்திலயே எழுதவேணும், கடலுக்குள்ள எழுதி அம்புக்குறி இழுத்தா எந்தப் புள்ளிக்கு எண்டு திருத்துறவைக்குத் தெரியாது.

பாடமாக்கிற முறையைக் கொஞ்சம் மாத்தும். நீர் இப்ப செய்யிறது அஞ்சுதரம் வாசிக்கிறது. அஞ்சாம்தரம் வாசிக்கேக்க எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும், அது கண்ணுக்குப் பழகினது, தலைக்கு வந்ததில்லை. ஒருதரம் வடிவா வாசியும், புத்தகத்தை மூடும், வெறும் தாளில ஞாபகம் வாறதை எழுதும், பிறகு திறந்து விட்டதைச் சிவப்புப் பேனையால நிரப்பும். முதல் நாள் தாள் முழுக்கச் சிவப்பாத்தான் இருக்கும், வெக்கப்படாதேயும். மூண்டு நாள் கழிச்சு அதே பாடம், பிறகு ஒரு கிழமை கழிச்சு. என்னட்டப் படிச்ச ஒரு பெடியன், வீட்டில மேசையும் இல்லை கறண்டும் இல்லை, மாடு சாய்க்கப் போகேக்க தம்பிக்குக் கதையாச் சொல்லுவான், பிரெஞ்சுப் புரட்சியைத் தம்பிக்கு விளங்கிற மாதிரிச் சொல்ல வெளிக்கிட்டா எங்க தனக்கு விளங்கேல்லை எண்டு அவனுக்கே தெரியும், அவன் ஏ எடுத்தவன். உமக்குத் தம்பி இல்லாட்டி அம்மா நெல்லுப் புடைக்கேக்க பக்கத்தில இருந்து சொல்லும், அவவும் கேப்பா. யூரியூப்பில வரலாறு பார்க்கிறதைக் குறைக்கச் சொல்லுறன், பார்த்த உடன படிச்ச மாதிரி ஒரு திருப்தி வரும், அந்தத் திருப்திதான் ஆபத்து. கைட் புத்தகம் மூண்டு வாங்கத் தேவையில்லை, திணைக்களம் இலவசமாத் தந்த 10, 11 புத்தகம் ரெண்டும் கிழியிற வரைக்கும் படிச்சாப் போதும், படத்துக்குக் கீழ இருக்கிற சின்ன எழுத்தையும் சேர்த்து. பழைய பேப்பரை நேரம் வைச்சுச் செய்யும், விடையைப் பார்த்துப் பார்த்துச் செய்யிறது செய்யிறதில சேராது.

ஒரு விசயம் சொல்லாமல் விட ஏலாது. வன்னியில படிப்பிக்கேக்க எந்த வருசமும் ஒரு பிள்ளை கேக்கும், ரீச்சர் வீட்டில சொல்லுறது வேற புத்தகத்தில இருக்கிறது வேற, எதை எழுதுறது எண்டு. பேப்பரில புத்தகத்தில உள்ளதை எழுதும், அங்க வழக்குப் பேசி மாக்ஸ் எடுக்க ஏலாது. ஆனா புத்தகத்தை ஊண்டி வாசிச்சா எங்களுக்கெண்டு ஒண்டும் இல்லையெண்டு சொல்லவும் ஏலாது. எல்லாளனைத் துட்டகைமுனு வெண்ட கதையை எழுதின மகாவம்சமே எல்லாளன் பகைவனுக்கும் நண்பனுக்கும் ஒரே நீதி செய்தவன் எண்டு எழுதி வைச்சிருக்கு, அவன் விழுந்த இடத்துக்கு மரியாதை செய்யச் சொல்லித் துட்டகைமுனு கட்டளையிட்டதையும் எழுதியிருக்கு. காலியில எடுத்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சீனத் தளபதி செங்ஹோ வைச்சது, அது சீனம், தமிழ், பாரசீகம் மூண்டிலயும் வெட்டினது. மூலாதாரம் எண்ட பாடத்தை இப்பிடி வாசிச்சா அது சும்மா வரைவிலக்கணம் இல்லை, ஆர் எழுதினது, எப்ப எழுதினது, ஆருக்காக எழுதினது எண்டு கேக்கப் பழக்கிற பாடம். அந்தக் கேள்வியை வீட்டுக் கதையிட்டயும் கேளும், புத்தகத்திட்டயும் கேளும்.

எம்.சி.கியூ (பல்தேர்வுப்) பேப்பருக்கு வருவம், 40 கேள்வி, ஒரு மணித்தியாலம், ஒரு கேள்விக்கு ஒண்டரை நிமிசம் கிடக்கு, அது தாராளம். பிழையான விடைக்குப் புள்ளி வெட்டுறதில்லை, அதால ஒண்டையும் வெறுமையா விடாதேயும். தெரிஞ்சதை முதல் சுற்றில போடும், சந்தேகமானதுக்கு நாலில கட்டாயம் பிழையான ரெண்டை வெட்டும், மிச்சத்தில யோசியும். கால ஒழுங்குக் கேள்வி வந்தா நாலு சம்பவத்துக்கும் வருசம் தெரியத் தேவையில்லை, ஆக முந்தினதும் ஆகப் பிந்தினதும் தெரிஞ்சா அனேகமா ஒரே விடைதான் மிஞ்சும். 'பொருந்தாதது எது', 'தவறானது எது' எண்டு கேட்டா அந்தச் சொல்லை வட்டம் போடும், கெட்டிக்காரப் பிள்ளையளே அவசரத்தில சரியானதைப் போட்டுட்டு வருங்கள். 38ஐ 50 ஆக்கிறதுக்கு எம்.சி.கியூவும் படமும் போதும், ஏ வாற 75க்குத்தான் மேல சொன்ன 'அதால' வேணும்.

ரெண்டாம் பேப்பர் 3 மணித்தியாலம், அதுக்கு முன்னம் 10 நிமிசம் வாசிக்கத் தருவினம். அந்த 10 நிமிசத்தில முன்பக்க அறிவுறுத்தலை வாசிச்சு எந்தப் பகுதியில எத்தினை செய்யவேணும் எண்டு பாரும், இலங்கை வரலாறு ஒரு பகுதி, உலக வரலாறு ஒரு பகுதி, பகுதி மாறிக் கூடச் செய்தா கூடச் செய்தது எண்ணப்படாது. கேள்வியைத் தெரிவு செய்யேக்க முதல் துண்டு தெரியுதெண்டு தெரிவு செய்யாதேயும், புள்ளி கூட உள்ள கடைசித் துண்டு தெரியுதோ எண்டு பார்த்துத் தெரிவு செய்யும். ஒரு கேள்வியில அரை மணித்தியாலத்துக்கு மேல நிக்கக்கூடாது, நல்லாத் தெரிஞ்ச பாடம் எண்டு அதிலயே ஒரு மணித்தியாலம் நிண்டவை கடைசிக் கேள்வியைத் தொடக்கூட நேரமில்லாமல் அழுதுகொண்டு வந்ததை நான் மண்டபத்து வாசலில கண்டிருக்கிறன்.

மற்றது, மணி அடிக்க முன்னம் அந்தப் படத்தாளை எடுத்து அதில உம்மட சுட்டெண்ணை எழுதி விடைத்தாளோட சேர்த்துக் கட்டிப்போட்டு எழும்பும், குறிச்ச படத்தை மேசையிலயே விட்டிட்டு வந்த பிள்ளையளும் இருக்கினம்.